வாரிசின் சார்பாகச் சிரிக்க

இறந்துபோனவர்கள் விட்டுச்சென்ற சேமிப்பை உரியவர்களிடம் சேர்ப்பதே தன் தலையாய கடமை என்று அந்த வங்கிக்கு ஒருநாள் ஞானோதயம் பிறந்தது. உடனே ஒரு மூலையைத் தடுத்து, பலூன் கட்டி, ‘வாரிசுகள் மகிழ்ச்சிப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். முதல் வேலையாக, இறந்த வாடிக்கையாளர்களுக்கே கடிதம் போனது. “தாங்கள் காலமானதாக அறிந்து வருந்துகிறோம். தகவல் உண்மையெனில் நேரில் வந்து உறுதிசெய்யவும்.”

கடிகாரம் பழுதுபார்த்துவந்த ஒருவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அவர் வர வசதிப்படாததால் அவருடைய மனைவி, மருமகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பொருமல்தான். பல் கட்டிக்கொள்ளக் காசு கேட்டபோதெல்லாம் கையை விரித்த மனுஷன், மூச்சு விடாமல் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறாரே! எல்லாவற்றையும் ஊறவைத்து விழுங்கி அவளுக்கு நாக்கே செத்துவிட்டது. கண்ணை மூடுவதற்குள் எதையாவது நறுக்கென்று கடித்துத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பிரிவு அதிகாரி தங்கமான மனிதர். நாமினி என்ற கட்டத்தைக் கணவர் காலியாக விட்டிருந்ததால், இவள் அவருக்கு மனைவி என்பதற்கும், அவர் இவளுக்குக் கணவர் என்பதற்கும் தனித்தனியே சான்று கேட்டார். அலையாய் அலைந்து இரண்டையும் வாங்கிவந்தாள். ஒருவழியாகப் பணம் தரும் நாளும் வந்தது. ஆளுயர அட்டைக் காசோலையை அவள் கையில் கொடுத்தார்கள். அதோடு படம் எடுத்தால்தான் நிஜப் பணம் வருமாம். இப்போது எல்லா வங்கியிலும் அதுதான் மோஸ்தர்.

“பல்லு தெரியச் சிரிங்கம்மா,” என்றார் அதிகாரி.

அவள் சிரித்தாள். அவர் கேமராவைக் கீழே இறக்கினார்.

“பல்லைக் காணோமே?”

“அதுக்குத்தான் இந்தப் பணம்.”

“வாரிசு பல்லு தெரியச் சிரிக்கணும்னு சுற்றறிக்கை இருக்கும்மா. பல்லு கட்டிட்டு வாங்க, பணம் தர்றேன்.”

“பணத்தைக் குடுங்க, பல்லு கட்டிட்டு வர்றேன்.”

“அதுக்கு விதியில இடமில்லையே,” என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகைக்கும் சுற்றறிக்கையில் இடமில்லை. கடைசியில் மேலாளர் வந்து, வாரிசின் சார்பாகச் சிரிக்க மருமகளுக்கு அதிகாரம் அளிப்பதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். மாமியார் கையெழுத்துப் போட்டாள். மருமகள் மேலாளர் முன்னிலையில் மாதிரிக்கு ஒருமுறை சிரித்துக் காட்டினாள், அவர் அதைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். பிறகு அட்டையில் இருந்த தொகையைப் பார்த்து மருமகள் சிரித்த சிரிப்பைக் கண்டதும் மாமியார் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பல் கட்டியானதும் ஒருநாள் அவள் தனியாக வங்கிக்கு வந்தாள், வேர்க்கடலையை நறநறவென்று மென்றுகொண்டே. பணமெல்லாம் பல்லுக்கே போய்விட்டது என்று வீட்டில் சொல்லியாயிற்று. மீதியைத் தன் பேரில் போட வேண்டும்.

அதிகாரி படிவத்தில் விரலை வைத்துக் காட்டினார். “நாமினி கட்டத்தை மட்டும் காலியா விட்றாதீங்கம்மா. நீங்க பட்டது போதும்.”

“அது கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றாள் அவள். “ஆமா, உங்க கணக்குல யார் பேரைப் போட்டிருக்கீங்க?”

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. என் சம்சாரம் பக்கத்து கவுண்டர்லதான் வேலை பார்க்குறா.”