நாய் மழைக்கோட்டுக் கடைக்கு வந்த மன்னிப்பு மெயில்

அன்று காலை தெத்சுரோ ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த ஜென்மத்தில் எந்த மெயிலையும் நம்புவதில்லை.

காரணம் அதே தெருவில் மூன்றாவது கடைக்காரர் குரியாமா. குளியல் உப்பு விற்கிறவர். "உங்கள் டொமைன் இன்றோடு முடிகிறது, உடனே புதுப்பிக்கவும்" என்று ஒரு மெயில் வந்தது. பதறிப்போய் அதிலிருந்த லிங்க்கை அமுக்கினார். கேட்ட பாஸ்வேர்டையும் கொடுத்தார். மறுநாள் அவருடைய வெப்சைட்டைத் திறந்தால் உப்பைக் காணோம், சூதாட்டம் நடந்துகொண்டிருந்தது. கடையின் வெப்சைட் பெயரான அந்த டொமைனையே எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"அயோக்கியப் பசங்க! ஒருத்தன் கடைப் பேரைத் திருடுறவன் மனுஷனா?" என்று தெத்சுரோ மேசையைக் குத்தினார். தேநீர்க் கோப்பை துள்ளிக் கணக்கு நோட்டை நனைத்தது. அதற்கும் அந்தத் திருடர்களையே திட்டினார்.

அவர் வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. அவரும் மனைவி மிசாவோவும் நாய்களுக்கு மழைக்கோட்டு தைத்து விற்கிறார்கள். கடை இருப்பதோ ஒகயாமாவில். எங்கள் ஊரில் மழையே பெய்யாது என்று பெருமையடிக்கிற ஊர் அது. உள்ளூர் நாய் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. வியாபாரம் முழுக்க வெப்சைட்டில்தான். ஜூன் மாத மழைக்காலத்தில் விற்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. டொமைன் போனால் கடையை மூடிவிட்டு இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்ட டொமைனின் பாஸ்வேர்டு தெத்சுரோவின் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

"எனக்கும் சொல்லி வைங்களேன். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?" என்றாள் மிசாவோ, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. உன்கிட்ட சொன்னா டொமைனுக்குத்தான் ஆகும். பளபளன்னு ஒரு லிங்க் வந்தா அமுக்கிடுவே."

"போன வருஷம் 'உங்களுக்கு நண்டு பரிசு'ன்னு வந்ததை யாருங்க அமுக்கினது?"

"அது ஆராய்ச்சி!"

அன்று முதல் தெத்சுரோ மெயில்களைப் படிக்கவில்லை, விசாரித்தார். அனுப்பியவன் பெயர் கம்பெனி பெயராக இருக்கும்; பின்னாலிருக்கும் முகவரியைப் பார்த்தால் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. "டேய், பேருக்கும் முகவரிக்கும் என்னடா சம்பந்தம்?" இன்னொன்றில் "இருபத்துநாலு மணி நேரத்தில்" என்றிருக்கும். "யாரைடா அவசரப்படுத்தறே?" ஒவ்வொன்றையும் வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் அழிப்பார்.

அதோடு விட்டாரா? டொமைனைப் பதிவு செய்த கம்பெனிக்கே போன் போட்டார். "உங்க பேரைச் சொல்லி ஊரை ஏமாத்தறான், நீங்க என்ன பண்றீங்க?" போனை எடுத்த பெண் நாற்பது தடவை மன்னிப்புக் கேட்டாள். போனிலேயே குனிந்து குனிந்து நிமிர்வது அவள் மூச்சில் தெரிந்தது. தெத்சுரோவுக்குப் போதவில்லை.

"வாயால கேட்டாப் போதாதும்மா! எழுத்துல வரணும். தலைவர் முத்திரையோட வரணும்!"

செவ்வாய்க்கிழமை மிசாவோ மிஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, நம்ம டொமைன் நிஜமாவே வெள்ளிக்கிழமை முடியுது."

"எவன் மெயில் போட்டான்?"

"மெயில் இல்லைங்க. பதிவு விவரம் யார் வேணாலும் பார்க்கலாமே, நானே தேடிப் பார்த்தேன். கம்பெனியில இருந்து நினைவூட்டல் வந்திருக்குமே?"

"மூணு வந்துச்சு. மூணையும் திட்டி அழிச்சேன்."

"அய்யோ, அது அத்தனையும் நிஜம்ங்க! மெயில் லிங்க்கை நம்ப வேண்டாம். நாமளே கம்பெனி முகவரியை அடிச்சு உள்ள போய்ப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"எனக்கே பாடமா? நீயும் அவங்க பக்கம் சேர்ந்துட்டியா? உள்ள போனாத்தானே பாஸ்வேர்டு கேட்பான்! போகவே மாட்டேன்!"

மிசாவோ துணியை ஊசிக்கடியில் இழுத்து வைத்தாள். மிஷினை மறுபடி ஓட்டினாள். கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மெயில் வந்தது. அதில் அவசரம் இல்லை, மிரட்டல் இல்லை. நீலப் பூச்செடிகள் பூக்கும் இந்தப் பருவத்தில் தாங்கள் நலமா என்று தொடங்கியது. பிறகு நான்கு பாரா மன்னிப்பு. எங்கள் பெயரால் தங்கள் மனம் புண்பட்டதே, இந்த முகத்தைத் தங்களிடம் எப்படிக் காட்டுவோம் என்று தலைவரே புலம்பியிருந்தார். அடியில் சிவப்பு முத்திரை. மன்னிப்பின் அடையாளமாக ஒரு இனிப்புப் பெட்டி அனுப்புகிறார்களாம், கீழே உள்ள படிவத்தை நிரப்பினால் போதுமாம்.

தெத்சுரோவின் கண்ணில் நீர் வழிந்தது. கைக்குட்டையை எடுத்தார். காலில் விழுந்தவனின் முகவரியை யாராவது சரிபார்ப்பார்களா? பெயர் எழுதினார். கஷ்கொட்டை இனிப்பைத் தேர்ந்தெடுத்தார். "தங்கள் மனக்குறை" என்ற கட்டத்தில் முப்பது வரி கொட்டினார். கடைசிக் கட்டத்தில், தாங்கள்தான் என்று உறுதிசெய்யப் பாஸ்வேர்டு என்றிருந்தது. நான்தான், வேறு யார் என்று நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தார்.

வியாழக்கிழமை காலை, சூப்பை ஊற்றிக்கொண்டே மிசாவோ சொன்னாள்.

"டொமைனை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சு, பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

"பாஸ்வேர்டு இல்லாம எப்படி?"

"நேத்து நீங்கதானே குடுத்தீங்க."

தெத்சுரோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்த மெயில்..."

"நான் போட்டதுதான். வெப்சைட்ல நாய் அளவு வாங்குவேனே, அந்தப் படிவத்தையே கொஞ்சம் மாத்தினேன். அவசரத்துல 'வாலின் நீளம்' கேள்வியை எடுக்க மறந்துட்டேன். நீங்க அதுக்கும் 'பொருந்தாது'ன்னு மரியாதையா எழுதியிருக்கீங்க."

தெத்சுரோ வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடை பிழைத்தது அவர் காதில் ஏறவே இல்லை.

"கட்டின புருஷனையே ஏமாத்தறியா? திருட்டுப் பசங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் குரியாமாவும் நானும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைங்க. அவர் பயந்து போய் அமுக்கினார். நீங்க கோவத்துல அமுக்கினீங்க."

"புதுப் பாஸ்வேர்டைச் சொல்லு!"

"மாட்டேன்."

"அப்போ மன்னிப்புக் கேளு! இப்பவே! வாயால கேட்டாச் செல்லாது, எழுத்துல கேளு!"

மிசாவோ அவருடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள்.

"அதான் நேத்தே கேட்டுட்டேனேங்க. நாலு பாரா. படிச்சுட்டு அழுதீங்களே!"