மூலை மேஜை சார்

"அம்மா, நீ செத்துட்டியாம்" என்றாள் மகள், போனைப் பார்த்தபடியே.

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "யாருடி சொன்னது?" என்றாள்.

எல்லாம் கம்ப்யூட்டர் கடைக்காரனின் கைங்கரியம். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கான கல்லூரி உதவித்தொகைக்கு அவன்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான். 'தந்தை இறந்துவிட்டார்' என்று மட்டும் போட்டால் திரை நகரவில்லையாம். பாவி, தாய்க்கும் சேர்த்துத் தட்டி அனுப்பிவிட்டான். திருத்தச் சொன்னால், "செத்தவங்க நம்பருக்கு ஓடிபி வராதுக்கா" என்று கையை விரித்தான்.

திருத்த இன்றுதான் கடைசி நாள்; தப்பிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. உதவி கிடைக்காவிட்டால் மகள் படிப்பை மறந்துவிட்டு இன்னொரு தையல் மிஷினில் உட்கார வேண்டியதுதான்.

உதவித்தொகை அலுவலகத்துக்கு ஓடினாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் மட்டும், "பார்த்துப் போங்கம்மா, தரை ஈரம்" என்றார். உள்ளே ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கவுண்டர் அம்மாள், இவளைத் தாண்டிப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள். உயிரோடிருந்தபோதும் இங்கே இதே மரியாதைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"இப்படி வாங்கம்மா. உட்காருங்க."

மூலை மேஜையில் ஒரு பெரியவர். மின்விசிறி சுற்றவில்லை, ஆனாலும் அங்கே மட்டும் குளிர்ந்தது. அதைவிட, இந்த அலுவலகத்தில் ஒருவர் உட்காரச் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் உயிரோடதான் இருக்கேன் சார்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் அவர் பொறுமையாக. "பிள்ளை என்ன படிக்கப் போறா?"

"நர்சிங் சார்."

"முதல்ல அவ வேலையை முடிச்சிடறேன். அப்புறம் உங்களைத் திருத்தறேன்."

அவர் விரல்கள் கீபோர்டில் ஓடின. சத்தமே வரவில்லை.

போன் அடித்தது. "அம்மா, உதவித்தொகை பாஸ் ஆயிடுச்சும்மா" என்று மகள் அழுதாள். இவளும் அழுதாள். போனை வைத்ததுமே ஒரு செய்தி வந்து விழுந்தது: 'தாய் உயிருடன் உள்ளார்.'

நன்றி சொல்ல நிமிர்ந்தாள். நாற்காலியில் ஆள் இல்லை. தூசிதான் அப்பிக் கிடந்தது.

"எப்பம்மா உள்ள வந்தீங்க? அங்க என்ன பண்றீங்க?" என்று அதட்டினாள் கவுண்டர் அம்மாள்.

வாசலுக்கு வந்தவளைப் பெருக்குகிறவர் நிறுத்தினார்.

"மூலை மேஜை சார் திருத்திட்டாரா?"

"அவரு... அவரை எங்க காணோம்?"

"அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சும்மா. ரெக்கார்டுல செத்தவங்க கண்ணுக்குத்தான் தெரிவார்."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவர் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"என்னையும் திருத்தித் தரேன்னு சொல்லிட்டேதான் இருக்கார். நான்தான் வேணாம்னுட்டேன். இந்த ஆபீஸ்ல என்னை 'உட்காருங்க'ன்னு சொல்ற ஒரே ஆளு அவர்தாம்மா."