ஜன்னலில் இருப்பது விளக்குதான்

மல்லேஸ்வரம்,
12-11-2001

சிரஞ்சீவி சீனிவாசராகவனுக்கு அத்திம்பேர் சேஷகிரி மனமார ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா பாகீரதியும் சௌக்கியம். வைத்தியத்தை விட்டு மைசூரில் பிள்ளை வீட்டில் நீயும் சௌக்கியமாக இருப்பாய். உன் பழைய பேஷண்டுகளின் சௌக்கியத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் இப்போது என் வீட்டு வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் நீ கிளினிக்கை மூடும்போது எனக்குத் தூக்கிக் கொடுத்த டோக்கன் நம்பர் போர்டால் வந்தது. அதிலிருந்த சிவப்பு எல்.இ.டி.களைப் பார்த்ததும் ஹாலுக்கு ஓர் அலங்கார விளக்கு செய்ய ஆசை வந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க பிரிச்சது எதுவும் திரும்ப ஒண்ணா சேந்ததில்லை" என்றாள் உன் அக்கா. அந்த ரோஷத்தில் போர்டைப் பிரிக்காமலே பழைய பிஸ்கட் டின்னில் பொருத்தி, அடியில் ஆபீஸில் கழித்துப் போட்ட யு.பி.எஸ். பேட்டரியை வைத்து, வெளிச்சம் மெத்தென்று பரவ மூன்று நாள் உட்கார்ந்து பட்டர் பேப்பர் ஒட்டினேன். எரிந்ததப்பா, என் ஆயுசில் நான் செய்து எரிந்த முதல் சாமான் அதுதான். ஒரே குறை, பொத்தானை அழுத்தினால் அணைவதற்குப் பதில் டிங் என்று அடித்து அடுத்த நம்பருக்குப் போகும். போனால் போகட்டும் என்று தெருப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் காலை பூக்கடை கோவிந்தப்பா வந்து உட்கார்ந்தார். "நம்பர் எரியுதே, டாக்டர் எஷ்டு மணிக்கு வருவார் சார்?" டாக்டர் மைசூர் போய்விட்டார், இது விளக்கு என்றேன். "ஆய்த்து சார், வெயிட் பண்றேன்" என்றார். அவரைப் பார்த்து இரண்டு பேர், அவர்களைப் பார்த்து ஐந்து பேர். இருமுகிறவர்களைச் சும்மா அனுப்ப மனசில்லாமல் பாகீரதி மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுக்க, இப்போது ஒருத்தர் குடித்து முடித்ததும் அவளே டிங் அடித்து அடுத்தவரைக் கூப்பிடுகிறாள். நான் காபி கேட்டால் "நம்பர் பிரகாரம் வாங்கோ" என்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வரிசையில் உட்கார்ந்திருந்த டோரீன் டீச்சர் "நம்பர் சரியா தெரியல சார்" என்று பட்டர் பேப்பரைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் ஒருத்தராவது அதை விளக்கு என்று சொல்ல வேண்டாமா?

ஆகையால் உன் லெட்டர்ஹெட்டில், "நான் பிராக்டிஸை விட்டாயிற்று, சேஷகிரி வீட்டு ஜன்னலில் இருப்பது விளக்குதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. கேட்டில் ஒட்டிவிடுகிறேன். நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

நீயும் குடும்பமும் நோய்நொடி வராமல், கரண்ட் போகாமல் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
சேஷகிரி

பி.கு.: சாயங்காலம் இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது கரண்ட் போயிற்று. தெரு முழுக்க இருட்டு, வராந்தாவில் ஒன்பது பேர், என் பேட்டரி மட்டும் உயிரோடு இருந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "சார், இது லைட்டா? ரொம்ப சென்னாகிதே, அழகா இருக்கே" என்றார் கோவிந்தப்பா. டோரீன் டீச்சர் பட்டர் பேப்பரைக் கேட்டு வாங்கித் தானே திரும்பப் போர்த்தினார்.  பாகீரதி காபியை முதலில் எனக்குக் கொண்டுவந்தாள், நம்பர் கேட்காமல். நோட்டீஸ் ஒன்றும் அனுப்பாதே. உன் கிளினிக்கில் எக்ஸ்ரே மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டி ஒன்று இருந்ததே, அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுது.