கடைசி மாடியில் ஓர் அடேயப்பா

பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் ஒரே மருமகன் நெற்றி தரையில் பட வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் மகள் நலம், வீடு நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமாக இல்லை. காரணம் போகப் போக விளங்கும். அங்கே உங்கள் இரத்த அழுத்தம், உங்கள் பூனை, தண்ணீர்க் குழாய் விஷயமாக மாடி வீட்டுக்காரரோடு நீங்கள் நடத்திவரும் தகராறு எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். இது "சரி" என்று வைத்துவிடுகிற சமாசாரம் இல்லை, அத்தை. தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, பின்னாடி என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. இவ எதைப் பாத்தும் ஆச்சரியப்பட மாட்டா. பொறந்தப்பவே அழல. கண்ணைத் தெறந்து ரூமை ஒரு சுத்துப் பாத்துட்டுத் தூங்கிட்டா" என்றீர்கள். நான் அன்றைக்குச் சிரித்தேன். எனக்கோ தானாகத் திறக்கிற கதவு இன்னமும் அதிசயம். பழக்கடை வாசலில் ஆரஞ்சை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். இப்படிப்பட்டவனுக்கு உங்கள் மகள். போன வருடம் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து சாப்பாட்டு மேசை மேலேயே விழுந்தது, நான் அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன், திரும்பி வந்து பார்த்தால் அவள் தட்டை இரண்டு சாண் நகர்த்தி வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "என்ன ஆச்சு தெரியுமா!" என்றேன். "காரை விழுந்துச்சு, சரி" என்றாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: இவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குள் இவள் வாயிலிருந்து ஒரே ஒரு "அடேயப்பா" வரவழைக்காமல் விடுவதில்லை.

உங்கள் மகள் "கட்டடக் கம்பெனியில ரொம்ப மேல இருக்கா" என்று நீங்கள் அக்கம்பக்கத்தில் சொல்லிவருவது எனக்குத் தெரியும். அதில் பொய்யே இல்லை. டவர் கிரேன் உச்சியில் இருக்கிற கூண்டுக்குள் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறாள். நானோ டைல்ஸ் போடுகிறவன், அதுவும் தரைத்தளம் மட்டும். ஸ்டூல் மேல் ஏறினாலே எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், வீட்டில் பல்பு போனால் அவள் வேலை முடிந்து வரும்வரை இருட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது நான் செய்ததைக் கேட்டதும் "இது தெரிஞ்சுமா அப்படிச் செஞ்சீங்க?" என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்துதான் செய்தேன், அத்தை.

அவள் வேலை செய்கிற இடத்துக்கு எதிரே ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. அவள் பிறந்தநாளுக்கு ஒரு ராத்திரி தங்கல், விசேஷமான சாப்பாடு என்று விசாரிக்கப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "ஸ்பெஷல் நாள்னா கடைசி மாடிதான் சார். ஊரே காலடியில இருக்கும். அதுக்கு மேல சுத்துற ரெஸ்டாரண்ட், அங்கேயே டின்னர். அங்க வந்து அடேயப்பான்னு சொல்லாதவங்க இதுவரைக்கும் யாருமே கிடையாது" என்றாள். நான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த சொல் அவள் வாயிலிருந்து அத்தனை சுலபமாக வந்ததும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. உயரம் என்பதே மறந்துபோய்ச் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ரகசியமாகத்தான் போனேன், ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள், "மத்தியானம் எதிர் ஹோட்டல்ல உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். "நானா? நான் எங்க போனேன்?" என்றேன். "உங்க வழுக்கை எனக்குத் தெரியாதா? அதை மேலேர்ந்து பாக்கறவ நான் ஒருத்திதானே" என்றாள். தரை போடக் கூப்பிட்டார்கள் என்று வாய் கூசாமல் புளுகினேன். "சரி" என்றாள்.

பிறந்தநாள் வந்தது. அன்றைக்கும் மறுநாளைக்கும் அவள் லீவு போட்டிருந்தாள். ஹோட்டலுக்குள் போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது, அத்தை. லிஃப்ட் கண்ணாடி லிஃப்ட் என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லவே இல்லை. அது கிளம்பியதும் தரை விடுவிடுவென்று கீழே போனது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன், அகப்பட்டது பக்கத்தில் நின்ற ஒரு கனவானின் பெட்டிக் கைப்பிடி. அவர் தன் மாடியில் இறங்கப் பார்க்கிறார், நான் விடவில்லை, அவர் இழுக்கிறார், நானும் இழுக்கிறேன். "சார், இது என் பெட்டி" என்கிறார். "தெரியும் சார், கொஞ்ச நேரம் மட்டும்" என்கிறேன். உங்கள் மகள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவரை விடுவித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்து, "கயிறு நல்ல கயிறு, பயப்படாதீங்க" என்றாள். அதற்குமேல் அந்த லிஃப்டைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அறைக் கதவைத் திறந்தேன். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் கண்ணைத் திறக்காமலேயே கையை விரித்து, "பாரு! உலகத்தையே உனக்காகக் கொண்டு வந்திருக்கேன், நல்லாப் பாரு!" என்றேன். இதோ வரப்போகிறது, வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "நல்லாருக்கு. ஆனா நம்ம கூண்டு இதைவிடக் கொஞ்சம் ஒசரம்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை அரைவாசி திறந்து பார்த்தால் ஜன்னலுக்கு எதிரே, சற்று மேலே, அவள் தினமும் உட்காருகிற அதே கூண்டு. ஆபீஸ் வேலை பார்க்கிறவளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஆபீஸ் நாற்காலியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, அத்தை! தலையில் அடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன், அங்கேதான் ஜன்னல் இல்லை. உட்கார்ந்ததும் கை சும்மா இருக்குமா, தரையைத் தட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு டைல் அடியில் வெற்றுச் சத்தம் கேட்டது. அது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆறுதல்.

சாப்பாட்டுக்கு மேலே போனோம். உணவுக்கூடம் மெதுவாகச் சுற்றுகிறது. மேசைகள் இருக்கிற தரை மட்டும் நகர்கிறது, கண்ணாடியும் அதன் ஓரத்துத் திண்டும் நகர்வதில்லை. இந்த விவரம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் கூண்டில் வைத்துத் தேநீர் குடிக்க நல்ல ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி, வண்ணத் தாளில் சுற்றி, அவள் பார்க்காதபோது அந்தத் திண்டில் மறைத்து வைத்தேன். சூப் வந்தது, குடித்தேன், கையை நீட்டித் துழாவினால் ஃபிளாஸ்க்கைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, கண்ணாடிப் பக்கம் பார்வை போகாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேடிப் போனேன். இரண்டு மேசைக்குப் பின்னால் ஒருவர் வண்ணத் தாளைக் கிழித்து என் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் அந்தப் பெட்டிக் கனவான்! "மறுபடியும் நீங்களா?" என்றார் பாவம். ஹோட்டல்காரர்கள் தந்த அன்பளிப்பு என்று நினைத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் மேசை தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என்று அடையாளம் வைத்திருந்தேன், தரையையே பார்த்துக்கொண்டு தூண்வரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தலை நிமிராமல், "உனக்கு நான் எதுவுமே செஞ்சதில்ல. இதையாவது வாங்கிக்க" என்று ஃபிளாஸ்க்கை நீட்டினேன். "ரொம்ப நன்றிங்க, ஆனா நீங்க யாரு?" என்றது ஒரு பெண் குரல். தூண் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது, அத்தை, எங்கள் மேசைதான் போய்விட்டது. நாலு மேசை தள்ளி, ரொட்டியைப் பிய்த்தபடியே, "இங்க இருக்கேங்க" என்றாள் உங்கள் மகள்.

ஃபிளாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். "சரி, நல்ல சாமான்" என்று மடியில் வைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் வந்து, "மேடம், வியூ எப்படி இருக்கு?" என்றார். "நல்லாருக்கு. தினமும் பாக்கறதுதான்" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. என் காதருகே குனிந்து, "சார், மேடம் பைலட்டா?" என்றார். இல்லை என்றதும் மரியாதை இன்னும் கூடிவிட்டது, கட்டடமே எங்களுடையது என்று நினைத்துவிட்டார் போல. கேட்காமலேயே இரண்டாவது கேக் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் முள்கரண்டியால் வெளியே காட்டினாள். "அந்த ஆஸ்பத்திரி தெரியுதா? அது மேல தண்ணித் தொட்டி நான் தூக்கி வெச்சது. அன்னைக்குச் சரியான காத்து" என்றாள். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மேசை நகர்ந்தது. "அந்தப் பள்ளிக்கூடக் கூரை. அப்புறம் அந்தப் பாலத்தோட நடுத்துண்டு." மேசை நகர நகர, அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள், ஊர் முழுக்க அவள் கைபட்ட இடங்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவற்றில் ஒன்றையும் அவள் வீட்டில் வந்து சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பாட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்து வியந்துகொண்டிருந்திருக்கிறேன். "அந்த ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளம் நான் போட்டேன்" என்றேன் மெல்ல. "தெரியுமே. பள்ளிக்கூடத்துக்கும் நீங்கதான். மேல நான், கீழ நீங்க. நடுவுல இருக்கறதுதான் மத்தவங்க" என்றாள். அடேயப்பா, அத்தை! அங்கே அந்தச் சொல் வந்தது என் வாயிலிருந்துதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளோ எதிரே தன் கிரேனைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு என் எடத்துக்கு 'அவசரம்' வர்றாரு. கண்ணாடிப் பலகை தூக்கணும். என்ன பண்ணப் போறாரோ" என்று கவலைப்பட்டாள். அவசரம் என்பது அவள் லீவில் இருந்தால் வருகிற மாற்று ஆள். அவரைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

காலையில் விழித்தபோது அவள் திரையை விலக்கிவிட்டுக் கண்ணாடி ஓரம் நின்று, புது ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. இவள் தினமும் தனியாக நிற்கிற உயரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் போய் நிற்காவிட்டால் நான் என்ன புருஷன் என்று எழுந்தேன். முதலில் தவழ்ந்தேன், தவழ்வது எனக்குத் தொழில். கண்ணாடிக்கு அருகே போனதும் திரைச்சீலையைப் பிடித்து எழுந்து நின்றேன். கண்ணைத் திறந்தேன். முழுசாகத் திறந்தேன், அத்தை. கார்களெல்லாம் அரிசி அரிசியாகத் தெரிந்தன. அந்த நொடியில் உங்கள் மகள், வாயை நன்றாகத் திறந்து, "அடேயப்பா!" என்றாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே வந்து வரவேற்புப் பெண்ணிடம் சொன்னேன், பரிமாறுகிறவரைத் தேடிப் போய்ச் சொன்னேன், பெட்டிக் கனவானிடமும் சொன்னேன்; அவர் பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாழ்த்தினார். ஆகவே, அத்தை, கல்யாணத்தன்று நீங்கள் சொன்னது தப்பாகிவிட்டது. உங்கள் மகளும் ஆச்சரியப்படுவாள், பட்டிருக்கிறாள், அதுவும் என்னைப் பார்த்து. இனி எனக்கு வேறென்ன வேண்டும்?

பூனைக்கு என் அன்பு. மாடி வீட்டுக்காரரிடம் சற்றுப் பொறுமையாகப் பேசுங்கள். உங்கள் ஆசி எங்கள் இருவர் தலைமேலும், குறிப்பாக வழுக்கை உள்ள தலைமேல், எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் மருமகன்

பி.கு.: உறைமேல் எழுத உங்கள் வீட்டு எண் மறந்துபோய் அவளிடம் கேட்கப் போனேன். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். "அய்யய்ய, அது உங்களுக்குச் சொன்னதில்லீங்க. அன்னைக்குக் காலையில அடிச்ச காத்துல அவசரம் அந்தக் கண்ணாடிப் பலகையை ஒரே தடவையில கொண்டுபோய் எடத்துல ஒக்கார வெச்சாரு. அதுக்குச் சொன்னேன்" என்றாள். ஆகவே மேலே எழுதியதில் வெற்றி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். ஆனால் அவள் கடிதத்தை உடனே திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை அந்த இடத்தைப் படித்தாள். "நெசமாவே எழுந்து நின்னீங்களா?" என்றாள். நின்றேன் என்றேன். "கண்ணைத் தெறந்துகிட்டா?" ஆமாம் என்றேன். "நான் பாக்கலையே" என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, "அந்த ரூம் இருக்கான்னு கேளுங்க. மறுபடியும் போய் நில்லுங்க. இந்தத் தடவை கிரேனைப் பாக்க மாட்டேன்" என்றாள். போன் போட்டுக் கேட்டேன். இருக்கிறதாம், அத்தை. அதே கடைசி மாடி, நாளைக்கே. எனக்கு இப்போதே முழங்கால் ஆட ஆரம்பித்துவிட்டது.