நான் கேட்டு வாங்கிய பஸ் ஸ்டாப்

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

அன்புள்ள மச்சான் கவியரசனுக்கு,

உன் அக்கா யசோதாவின் புருஷன் சுந்தரமூர்த்தி எழுதுவது. ஆம்பூரில் நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை. இங்கே உன் அக்கா நலம். என் நலத்தை நீயே படித்துத் தெரிந்துகொள். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

எங்கள் தெருமுனையில் பஸ் ஸ்டாப் வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி மனு கொடுத்தவன் நான். யாரும் அங்கே குடித்தனம் நடத்திவிடக் கூடாது என்று இருக்கையைச் சரிவாகப் போடச் சொன்னவனும் நான்தான். நிழற்குடை வந்தது, பஸ் வரவில்லை. அதற்குள் அவரைக்காய் சீசன் வந்துவிட்டது. குளிர் வந்தால் அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கிக் குழம்பு வைக்காத வீடு இந்த ஊரில் உண்டா? வருஷா வருஷம் உன் அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து பிதுக்குவாள், நான் எதிரே பேப்பர் படிப்பேன், என்ன குறை? இந்த வருஷம் காக்ஸ் டவுனிலிருந்து டெஸ்மண்ட் என்று ஒரு ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். என் சரிவு இருக்கைமேல் ஒரு பலகையைப் போட்டு, செங்கல்லை முட்டுக் கொடுத்து, நேராக்கிவிட்டார். அவ்வளவுதான், தெருப் பெண்கள் ஆளுக்கொரு குண்டானோடு அங்கே ஆஜர். உன் அக்காதான் முதல் ஆள்.

அந்த மனுஷன் விரலால் ஒரு அழுத்து அழுத்துகிறார், பருப்பு துள்ளிப் போய் எதிர் குண்டானில் விழுகிறது. உன் அக்கா கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறா. எனக்கு வயிறு எரியுது மச்சான், சொல்றதுக்கு என்ன வெட்கம். கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவ அப்படிச் சிரிச்சதில்ல. நானும் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பிடி எடுத்துப் பழகிப் பார்த்தேன். முதல் பருப்பு என் மூக்குக்கண்ணாடியில அடிச்சுது, அடுத்தது உங்கப்பா போட்டோவுல குங்குமப் பொட்டு மேல ஒட்டிக்கிச்சு. அதையும் அவ பார்த்துட்டா. அதுக்காவது சிரிச்சாளா? "எங்கப்பா உங்களை என்ன பண்ணாரு?"ன்னு கேட்டுட்டுக் குண்டானைத் தூக்கிட்டுப் போயிட்டா. பின்னாடியே போனேன். பக்கத்து வீட்டு சந்திரம்மா, "பன்னி சார், கூத்கொள்ளி"ன்னு கன்னடத்துல, வாங்க உட்காருங்கன்னு சொல்லி, தள்ளி உட்கார்ந்து இடம் குடுத்தாங்க. "இவரு வந்தா ரூல்ஸ் பேசுவாரு, வேணாம்"னு உன் அக்கா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. கொஞ்ச நேரம் பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நின்னுட்டுத் திரும்பிட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ புறப்பட்டு வந்து, கூடப்பிறந்தவன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி அவளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸை உடனே விடச் சொல்லி இன்னொரு மனுவும் போட்டிருக்கிறேன். பஸ் வந்தால் கூட்டம் கலைந்துதானே ஆகவேண்டும். பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன்,
சுந்தரமூர்த்தி

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும் வழியில், நிஜமாகவே பஸ் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் குண்டானைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். உன் அக்கா முகம் வாடிப் போச்சு. எனக்கு என்ன ஆச்சோ தெரியவில்லை, பஸ்ஸை இரண்டு தட்டு தட்டி, "இங்க ஸ்டாப் இல்லப்பா, ரைட், ரைட்" என்றேன். அது போய்விட்டது. உன் அக்கா என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாரு, கையிலிருந்த பருப்பெல்லாம் கீழே கொட்டிவிட்டது. டெஸ்மண்ட் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். மீறி வந்தால் வீடு பூட்டியிருக்கும், நேராக பஸ் ஸ்டாப்புக்கு வா. ஆட்டோவில் வா.