கொடுவா சாரின் சைவத் தூண்டில்

மீனைப் பற்றி இத்தனை தெரிந்தும் மீனின் ருசி மட்டும் தெரியாத ஒரு மனிதர், பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்திலிருந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிற இடம் வரைக்கும், எங்கள் கொடுவா சார் ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் இரண்டு கரையிலும் விசாரித்துக்கொண்டே நடந்து பாருங்கள். செருப்புதான் தேயும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை என்பதால் அந்தப் பெயர் வாசல் பலகையிலும் இருந்தது. ஆனால் கடிதம் கொண்டு வருகிற தபால்காரர்கூட "கொடுவா சார் இருக்காகளா?" என்றுதான் கேட்பார். கொடுவா என்பது ஆறும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் திரிகிற பெரிய மீன். தின்றவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கள் சார் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவார், சமையலைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

எப்படி வரும்? பரம்பரைச் சைவம். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட இலையில் விழக்கூடாது. அலுவலகத்தில் ஒருவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது, முட்டை கலந்திருக்குமோ என்ற பதற்றத்தில், பிறந்தநாள்காரருக்கு முன்பாகவே மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு அறைக்குத் திரும்பியவர். அப்படிப்பட்டவர் மாதம் இரண்டு தடவை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தூண்டிலோடு புன்னைக்காயலுக்குப் போய் வள்ளத்தில் ஏறிவிடுவார்.

அந்த இரண்டு நாளும் அமாவாசையும் பௌர்ணமியும். அன்றைக்குத்தான் கடல்நீர் ஆற்றுக்குள் நன்றாக ஏறி நன்றாக வற்றும், கொடுவாவும் வேட்டைக்கு வெளியே வரும். இது அவர் தெருவில் யாருக்கும் தெரியாது. மாதம் தவறாமல் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடிவதற்குள் குளித்துத் திருநீறு பூசிக் கிழக்கே கிளம்புகிறவர் வேறு எங்கே போவார்? திருச்செந்தூருக்குத்தான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பேத்தி பெயரில் அர்ச்சனை செய்யச் சொல்லி நட்சத்திரம் எழுதிக் கொடுப்பார். பக்கத்து வீட்டில் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்புவார்கள். மறுக்க வழி இல்லை. எனவே மீன் பிடித்து முடித்ததும், சுத்தமாகக் குளித்து, உண்மையாகவே திருச்செந்தூர் போய், உண்மையாகவே அர்ச்சனை செய்து, பிரசாதத்தோடு வீடு திரும்புவார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை புண்ணியம் சேர்த்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் மற்ற அதிகாரிகள் சாமி படம் வைக்கிற இடத்தில் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை இருக்கும். ஒரு கோப்பை அவசரப்படுத்தினால், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், பைய விட்டுப் பிடிக்க வேண்டும் என்பார். மதிய இடைவேளையில் மொட்டை மாடியில் தூண்டில் வீசிப் பழகுவார். ஒருநாள் கொக்கியைக் கழற்ற மறந்து வீசியதில், கீழே டீக்கடை அண்ணாச்சியின் தலைத்துண்டு மாட்டிக்கொண்டு இரண்டாம் மாடிவரை ஏறிவிட்டது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தபோது, சார் மேலிருந்து துண்டின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பழக்கதோஷம்.

அவர் மீன் பிடிக்கிற முறைதான் விசேஷம். கொடுவாவுக்கு உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். சார் இறாலைத் தொட மாட்டார். ஓர் உயிரைக் கொடுத்து இன்னோர் உயிரைப் பிடிப்பது பாவம் என்பது அவர் கட்சி. எனவே பிளாஸ்டிக்கில் செய்த பொய்மீன். அதற்கும் காலையில் ஒரு துளி திருநீறு உண்டு. கையில் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறை. கொக்கியில் மீன் கழன்றுவிடாமல் பிடிக்கிற எதிர்முள்ளை அரம் வைத்துத் தேய்த்துவிடுவார், மீனுக்கு வலிக்கக் கூடாதாம். தூண்டில் கயிறான நரம்பும் மெல்லிசுதான். தடித்த நரம்பு போட்டால் அது சமமான சண்டை இல்லையாம். இத்தனை இடைஞ்சலையும் மீறி ஒரு கொடுவா வந்து மாட்டினால், அதன் நீளத்தை அளந்து, மன்னிப்புக் கேட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்.

மன்னிப்பிலும் ஒரு முறை உண்டு. கொடுவா சின்னதாக இருக்கும்போது ஆண், பெருத்த பிறகு பெண்ணாகிவிடும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் சின்ன மீனைத் தம்பி என்பார், பெரிய மீனை ஆச்சி என்பார்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விதிக்கப்பட்டவர் வள்ளக்காரர் சூசை. புன்னைக்காயல்காரர், நாற்பது வயது இருக்கும், மீனும் சோறுமாக வளர்ந்த உடம்பு. குழம்புக்கு ஆகிற மீன் கண்ணெதிரே தண்ணீருக்குள் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கூலியோடு, போன தடவை திருச்செந்தூரில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் ஒன்றையும் சார் கொடுப்பார். கிறிஸ்தவரான சூசை ஒருமுறை என்னிடம் நொந்துகொண்டார். "வீட்ல கேக்கா சார். நீ போறது மீனுக்கா, துன்னூறுக்கா? வேதக்காரன் வீட்டுல மாசம் ரெண்டு பொட்டலம் துன்னூறு வருது, ஒரு மீன் வரலையேங்கா."

சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. நாலடிக் கொடுவா ஒன்றை அளந்து பார்த்துவிட வேண்டும். பதினோரு வருஷமாக அலைந்தார். மூன்றடியைத் தாண்டி ஒன்றும் மாட்டவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேலை பாளையங்கோட்டையில். மனைவிக்கு ஓசூரில் ஆசிரியை வேலை. இரண்டு வயது மகள் அவளோடு இருந்தாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவேன். மூன்று மாதம் கழித்து ஒருதடவை நேரில் போய் நின்றபோது, குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் சட்டைப்பையில் இருந்த செல்போனைக் காட்டி "அப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அப்புறம் நாயாய் அலைந்து, ஓசூர் அலுவலகத்தில் திருநெல்வேலிக்கு வரத் துடித்துக்கொண்டிருந்த ஓர் ஆழ்வார்குறிச்சிக்காரரைக் கண்டுபிடித்தேன். மனமொத்த மாறுதல். அவர் இடத்துக்கு நான், என் இடத்துக்கு அவர். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அவர் கையெழுத்துப் போட்ட தாள் கூரியரில் எங்கேயோ ஊர் சுற்றிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. இனி எங்கள் அலுவலகத் தலைமையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை.

போன் செய்தால் அவருடைய போன் மேசை இழுப்பறைக்குள் அடித்தது. கொடுவாவுக்குச் சத்தம் ஆகாதென்று வைத்துவிட்டுப் போயிருந்தார். தலைமை எழுத்தர் அனுமதியோடு ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் புன்னைக்காயல். தூரத்தில் அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு வள்ளம், அதில் இரண்டு மஞ்சள் கைகள். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வள்ளக்காரரிடம் கெஞ்சி ஏறி, போகிற போக்கில் அவர்கள் வள்ளத்தில் தாவினேன்.

சார் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். விஷயத்தைக் காதோடு சொன்னேன். அதிலென்ன, தாரும் என்றார். ஒரு கை உறையைக் கழற்றினார், தூண்டிலைத் தொடையில் சாய்த்துக்கொண்டார், கண்ணாடி போட்டுக்கொண்டார். எந்தத் தாளையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்பது ஊரறிந்தது. முதல் முறை படித்தார். இரண்டாம் முறை படித்து முடித்தார். மூன்றாம் முறைக்கு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். தூண்டில் வில்லாக வளைந்தது.

நூறடி தள்ளி ஒரு மீன் தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியது. அப்படி ஒரு மீனை நான் மீன் கடையில்கூடப் பார்த்ததில்லை. சூசை சிலுவை போட்டுக்கொண்டார். சார் தாளை என் மடியில் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தூண்டிலைப் பிடித்தார்.

"ஆச்சி வந்துட்டா வே," என்றார்.

மெல்லிசு நரம்பு என்பதால் இழுக்க முடியாது, விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். மீன் வள்ளத்தையே கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. மூன்று மணிக்குள் கரையேறி பைக்கில் உட்காராவிட்டால் என் காரியம் முடிந்தது. தூண்டிலைக் கொஞ்சம் பிடிக்கட்டுமா என்று சூசை கேட்டதற்கு, அடுத்தவன் கை பட்டால் அது என் மீன் இல்லை என்று சொல்லிவிட்டார். இடது கையால் தூண்டிலைப் பிடித்து வலது கையால் கையெழுத்துப் போட முடியுமா என்று பார்த்தோம். முதலில் தயிர்சாதம் கட்டி வந்த பேப்பரில் போட்டுப் பார்த்தார். மீன் ஒரு இழுப்பு இழுத்ததில் பேனா பேப்பரைத் தாண்டி சூசையின் கன்னம் வரைக்கும் போய்விட்டது.

நேரமாகிறது, விட்டுவிடுங்கள் என்று பதினோரு வருஷம் காத்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆழ்வார்குறிச்சிக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. இதற்குள் மீன் களைத்து, வள்ளத்துக்கு இருபதடி தூரத்தில் பக்கவாட்டில் புரண்டது. வெள்ளி வயிறு தெரிந்தது.

"மணி என்ன வே?" என்றார் சார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு சார், நேரம் இருக்கு."

"பொய் சொல்லுதீரு." நரம்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். "பிள்ளைக்கு இப்ப உம்மள நேர்ல பாத்தா அடையாளம் தெரியுதா?"

"போனைத்தான் பாக்கா சார்," என்றேன்.

சார் சூசையிடம் கத்தியைக் கேட்டார். சூசை கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "தர மாட்டேன் சார்வாள். நாலடிக்கு மேல இருக்கு. இன்னும் அஞ்சு நிமிசம்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷமாகும் என்பது சாருக்குத் தெரியும். மீன் பட்ட கையால் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த மனிதர், குனிந்து, அந்தக் கொடுவா இழுத்துக்கொண்டிருந்த நரம்பைப் பல்லில் வைத்துக் கடித்தார். டப்பென்று அறுந்தது. தூண்டில் நிமிர்ந்தது. மீன் ஒரு கணம் அப்படியே கிடந்தது, பிறகு வாலை அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"போயிட்டு வா ஆச்சி," என்றார். "இவருக்கு அவசர சோலி."

கடல்நீரை அள்ளி நாலு தடவை கொப்பளித்தார். கையைத் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். நான் பேனாவை நீட்டினேன். "இரும், ரெண்டு தடவதான் படிச்சிருக்கேன்," என்று சொல்லி, நிதானமாக மூன்றாம் முறை படித்தார். அப்புறம்தான் கையெழுத்து. வள்ளத்தின் குறுக்குப் பலகையில் தாளை வைத்து முத்திரையை நானே குத்தினேன். சூசை எங்கள் இருவரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வள்ளத்தைக் கரைக்கு விட்டார். நாலே முக்கால் மணிக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

இறங்கும்போது சார் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நடந்ததை வெளியே மூச்சு விடக் கூடாது. மறுவாரம் அலுவலகத்தில், நாலடிக் கொடுவா மாட்டியது, தான் போட்ட முடிச்சு சரியில்லாமல் நழுவிவிட்டது என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். டீக்கடை அண்ணாச்சியிலிருந்து தபால்காரர் வரை, முடிச்சுப் போடத் தெரியாத சார் என்று கேலி செய்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதத்தில் ஓசூருக்கு மாறுதல் வந்தது.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. சார் ஓய்வு பெற்றுவிட்டார். என் மகள் இப்போது என் முகத்தைப் பார்த்து என்னோடேயே சண்டை போடுகிறாள். புன்னைக்காயலில் அமாவாசை தோறும் இன்னும் மஞ்சள் கைகள் தெரிகின்றனவென்றும், நாலடி இன்னும் அகப்படவில்லை என்றும் சூசை சொன்னார். சாரோடு எனக்குத்தான் பேச்சு குறைந்துவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து அனுப்புவேன், ஒரு கும்பிடு படம் திரும்பி வரும், அவ்வளவுதான்.

கொடுத்த வாக்கை மீறி இன்று எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இதைப் படித்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், உடனே போன் பண்ணி அரை மணி நேரம் திட்டுவார். திட்டட்டும், எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.