நடப்புக் காலம் எது என்று கேட்டேன்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்குத்தான் இல்லை.

உன் கண் ஆபரேஷனுக்கு வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அத்தான் போன பிறகு ஆஸ்பத்திரியில் உனக்காகக் காத்திருக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் லீவு கேட்டதும் எங்கள் மேனேஜர், "நடப்புக் கணக்குக் காலம் முடியட்டும், தாராளமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அது எது, எப்போது முடியும் என்று கம்ப்யூட்டரிடமே கேட்க ஒரு குவெரி எழுதினேன். பயந்துவிடாதே, குவெரி என்றால் அதற்குப் புரிகிற மாதிரி கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். இன்றைய தேதி எந்தக் காலத்தில் விழுகிறது என்று கேட்டால் இரண்டு பதில் சொல்கிறது. ஒன்று இந்த மாதம்; இன்னொன்று, வருஷக் கடைசியில் தப்புத் திருத்துவதற்கென்றே இந்த மாதத்தின் அதே தேதிகளைப் போட்டு, கணக்கில் மட்டும் நாங்கள் வைத்திருக்கும் உபரி மாதம். சரி, கணக்கு முடித்து மூடாமல் கிடக்கும் மாதங்களில் மூத்தது எது என்று கேட்டேன் பார், வந்தது வினை. எங்கள் ஆபீசில் எந்த மாதத்தையும் மூடுகிற வழக்கமே கிடையாது. "இருக்கட்டுங்க, ஏதாவது பில் வந்தாலும் வரும்" என்பார் மேனேஜர். அதனால் நடப்புக் காலம் என்று அது காட்டியது, அத்தான் நம்மோடு இருந்த வருஷத்தை. எங்கள் கணக்குப்படி அவர் இன்னும் மூச்சு வாங்க மாடியேறி வந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திரையைப் பார்த்து அழுதுவிட்டேன், அக்கா.

மேனேஜரிடம் காட்டினேன். "அப்ப அதுலேர்ந்து ஒவ்வொண்ணா சரிபார்த்து மூடுங்க, அப்புறம் லீவு" என்றார். அது என் ஆயுசுக்குள் முடியாது. ஆகவே நான் வருவதற்கில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.

கண் நன்றாகத் தெளிந்து, என் வழுக்கையைக்கூட நீ துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. மத்தியானம் ஒரு பில்லையும் பார்க்காமல் எல்லா மாதத்தையும் மூடிவிட்டேன், இந்த மாதம் உட்பட. அத்தான் இருந்த வருஷத்தைக் கடைசியாகத்தான் மூடினேன். மறுபடி குவெரியை ஓட்டினால் ஒரு வரிகூட வரவில்லை. "சார், நமக்கு நடப்புக் காலமே இல்லைங்க" என்றேன். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? கிளம்புங்க" என்றார். இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணில் கட்டோடு உன்னால் படிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.